பணம் கட்டுவது மகன், வண்டி ஏறுவது அம்மா: கடலூர் நவகிரகச் சுற்றுலா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம், மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஒரு டெம்போ டிராவலர் வந்து நிற்கும். 17 சீட். ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஐம்பது தாண்டிய பெண்கள். கையில் ஒரு கட்டைப்பை. அதில் மாற்றுப் புடவை, மாத்திரை டப்பா, எள் எண்ணெய் பாட்டில். சிதம்பரம் தாண்டி வைத்தீஸ்வரன்கோயிலில் தொடங்கி, திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று போய், இரவு கும்பகோணத்தில் தங்கி, மறுநாள் திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திங்களூர் முடித்துத் திரும்புகிற இரண்டு நாள் பயணம்.

இந்த வண்டியின் சொந்தக்காரரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் இங்கே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கடலூரில் சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கும் இணைய வேலையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். 2022-இலிருந்து இவர்களுக்கும் பார்க்கிறேன். பயணத் துறையை இணையம் மாற்றியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விமான டிக்கெட்டையும் நட்சத்திர ஓட்டலையும்தான் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டு வண்டி வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் என்ன மாறியது, எது மாறாமல் நின்றது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நோட்டுப் புத்தகக் காலம்

அண்ணனின் தொழில் முழுவதும் நீலக்கோடு போட்ட ஒரு நீள நோட்டில் இருந்தது. ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் சீட் எண், பக்கத்தில் ஆள். பெயர் அபூர்வம். ‘கோண்டூர் டீச்சர் + 2, முன் சீட், வாந்தி வரும்’, ‘வண்டிப்பாளையம் பூக்காரம்மா, மூட்டு வலி, படி ஏற ஸ்டூல்’, ‘செம்மண்டலம் மாமி, வெங்காயம் இல்லாம சாப்பாடு’. இந்த ஒரு பக்கத்தில் இருக்கிற விவரம் எந்தப் பெரிய பயண நிறுவனத்தின் கணினியிலும் இருக்காது என்று எனக்கு அன்றே தோன்றியது. ஆனால் அதன் மதிப்பு எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

ஆள் சேர்ப்பது ஆள்கள் வழியாகத்தான். மஞ்சக்குப்பத்தில் ஒருவர், முதுநகரில் ஒருவர், நெல்லிக்குப்பத்தில் ஒருவர் என்று நாலைந்து பெண்கள். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு ஒரு சீட் இலவசம். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போடும்போதே பேசி முடித்துவிடுவார்கள். வேறு விளம்பரம் என்றால் கோயில் மதிலோரம் ஒரு பிளக்ஸ், ஆடிக்கும் தைக்கும் ஒரு நோட்டீஸ்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. முன்பணம் கிடையாது. “தெரிஞ்சவங்க கிட்ட எப்பிடிம்மா கேக்கறது” என்பார் அண்ணி. அதனால் நாலு மணிக்கு வண்டி கிளம்பும்போது இரண்டு சீட், மூன்று சீட் காலியாக இருக்கும். பேரனுக்குக் காய்ச்சல், சம்பந்தி வீட்டில் துக்கம், எல்லாம் உண்மையான காரணங்கள்தான். 13 சீட் நிரம்பினால் டீசல், டிரைவர் படி, தங்கும் இடம், டோல் எல்லாம் போய்க் கையைக் கடிக்காது. 14-ஆவது சீட்டிலிருந்துதான் லாபம் என்பது அண்ணனின் கணக்கு. அந்த மூன்று காலி சீட்தான் அவருடைய லாபம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் நடை மூடினால் இந்தத் தொழிலுக்கு வேலையே இல்லை. இரண்டு வண்டிக்கும் தவணை ஓடிக்கொண்டிருந்தது. நிலைமை திரும்பியபோது ஆள் சேர்த்துக் கொடுத்த பெண்களில் ஒருவர் இல்லை. இன்னொருவர் சென்னையில் மகள் வீட்டோடு போய்விட்டார். நோட்டில் இருந்த பல பக்கங்களுக்கு அதற்குப் பிறகு உயிர் இல்லை. அந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் செய்த முதல் தவறுகள்

நான் வந்தவுடன் செய்தது, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம், பணம் கட்டி விளம்பரம். கடலூரை நடுவில் வைத்து 50 கிலோமீட்டர் வட்டம் போட்டேன். புதுச்சேரி, பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் எல்லாம் வரும் என்று கணக்கு. கணினித் திரையில் அந்த வட்டத்தைப் பார்த்த அண்ணி, “பாதி கடல்ல இல்ல இருக்கு?” என்று கேட்டார். சரிதான். கடற்கரை ஊரில் வட்டம் போட்டால் கிழக்குப் பாதி வங்காள விரிகுடா. கடலில் விளம்பரம் ஓடாது, அதனால் பணம் வீணாகவில்லை. ஆனால் ஊரைத் தெரியாமல் கருவியை மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம் உறைத்தது. வட்டத்தை எடுத்துவிட்டு பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர், சிதம்பரம் என்று ஊர் ஊராகப் புள்ளி வைத்தேன். விருப்பக் குறிகள் நிறைய வந்தன. சீட் நிரம்பவில்லை.

அடுத்து, வாடிக்கையாளர் விவரங்களை விலைக்குக் கொடுக்கும் ஒரு தளத்தில் சந்தா கட்டினோம். சுற்றுலா வண்டி கேட்டு ஒருவர் பதிவு செய்தால் அவர் எண் நமக்கு வரும். அதே எண் அதே நேரத்தில் இன்னும் நாலைந்து பேருக்கும் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணன் கூப்பிடும்போது அந்த ஆள் ஏற்கெனவே சலித்துப் போயிருப்பார். கடைசியில் யார் விலையைக் குறைக்கிறார் என்பதுதான் பேச்சு. பதினைந்து வருடமாக ஒருவரிடமும் பேரம் பேசாத மனுஷர், ஒரு மாதத்தில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு படத்தில் ‘இன்னும் 2 சீட் மட்டுமே’ என்று போட்டிருந்தேன். உண்மையில் ஒன்பது சீட் இருந்தது. அண்ணி கூப்பிட்டு, “தம்பி, கோயிலுக்குப் போற வண்டிக்குப் பொய் சொல்லி ஆள் ஏத்தக்கூடாது” என்றார். அன்றே எடுத்தேன். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் ஏமாற்று உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடை செய்தபோது, இல்லாத அவசரத்தைக் காட்டி விற்பது அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அறை முன்பதிவுத் தளங்களில் நாம் தினமும் பார்க்கிற ‘ஒரே ஒரு அறைதான் மிச்சம்’ என்கிற வாசகம் பொய்யாக இருந்தால் அதுவும் இதில்தான் சேரும்.

துபாயிலிருந்து ஒரு அழைப்பு

திருப்பம் எங்கள் திட்டத்தால் வரவில்லை. கூகுள் மேப்பில் தொழிலின் பெயரை, இடத்தை, எண்ணைப் பதிந்து, நாலு படம் ஏற்றி வைத்திருந்தேன். காசு செலவில்லாத வேலை, அதனால் பெரிதாக எண்ணவில்லை. ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய அம்மா புதுப்பாளையத்தில் தனியாக இருக்கிறார். ஒன்பது கோயிலும் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். பணம் இப்போதே போடுகிறேன் என்றார். வண்டி எங்கே நிற்கும், யார் கூட இருப்பார்கள், இரவு தங்கும் இடத்தில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா என்று அரை மணி நேரம் கேட்டார். விலையை ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

அந்த வாரம் நோட்டை எடுத்து வைத்து, போன ஆறு மாதத்தில் புதிதாக வந்தவர்களை யார் அனுப்பினார்கள் என்று அண்ணியோடு உட்கார்ந்து குறித்தேன். சென்னையில் மகன், பெங்களூரில் மகள், சிங்கப்பூரில் மருமகன். புதுச் சீட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான். நான் இத்தனை நாளும் கடலூரில் இருக்கிற அம்மாவுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். தேடுகிறவரும் பணம் கட்டுகிறவரும் எங்கோ இருக்கிறார். பயணம் போகிறவர் இங்கே இருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது வேறு வேறு.

அதன்படி வேலையை இரண்டாகப் பிரித்தோம். இணையப் பக்கம் மகனுக்கு. டிரைவர் படம், வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, தங்கும் இடத்தின் அறையும் கழிப்பறையும் உள்ள படம், ஒவ்வொரு கோயிலிலும் எத்தனை படி, எங்கே சக்கர நாற்காலி கிடைக்கும் என்ற விவரம். அழகான கோபுரப் படங்களை எடுத்துவிட்டேன். அது எங்கும் கிடைக்கும். விளம்பரத்தைக் கடலூரிலிருந்து எடுத்து சென்னைக்கும் பெங்களூருக்கும் மாற்றினோம். வாசகம் தமிழில் ஒரே வரி: ‘கடலூர்ல இருக்கிற அம்மாவை ஒன்பது கோயிலுக்கு அனுப்பணுமா?’

வாட்ஸப் அம்மாவுக்கு. அதிலும் எழுத்து இல்லை, குரல். அண்ணி பேசி அனுப்புவார். “வர்ற சனிக்கிழமை வண்டி நாலு மணிக்குப் பொறப்படுது. எள் எண்ணெய் அங்க வாங்கிக்கலாம், வீட்லேர்ந்து தூக்கிட்டு வராதீங்க. மாத்திரைய மறக்காதீங்க.” எழுத்தில் போட்டால் பத்துப் பேர் படிப்பார்கள். குரலில் போட்டால் எல்லோரும் கேட்டுவிட்டுத் திருப்பிப் பேசுகிறார்கள். ஒரு தொழில்நுட்ப விவரமும் இங்கே முக்கியம். வாட்ஸப்பில் பலருக்குத் தனித்தனியாகப் போகிற மாதிரி ஒரு பட்டியல் வைத்து அனுப்பலாம், 256 பேர் வரை. ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும், இறங்குவதற்கு முன்னால், டிரைவர் ஒவ்வொருவர் போனையும் வாங்கி ‘நவகிரக வண்டி அண்ணி’ என்று பதிந்து கொடுக்கிறார். இதைவிடப் பலன் தந்த சந்தைப்படுத்தல் எதுவும் நாங்கள் செய்யவில்லை.

மகன்களுக்கு இன்னொரு ஏற்பாடு. வாட்ஸப்பில் நாம் இருக்கிற இடத்தை நேரலையாக எட்டு மணி நேரம் வரை பகிரலாம். வண்டி கிளம்பியதும் டிரைவர் அதைக் குடும்பத்தாருக்கான குழுவில் போட்டுவிடுவார்; மதியம் ஒருமுறை புதுப்பிப்பார். துபாயில் இருக்கிறவர், அம்மா இப்போது திருவெண்காடு தாண்டிவிட்டார் என்று பார்த்துக்கொள்கிறார். முதல் பயணத்தன்று கொள்ளிடம் பக்கம் சிக்னல் போய் புள்ளி அரை மணி நேரம் அசையாமல் நின்றது. நாலு நாட்டிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு, எந்த இடத்தில் சிக்னல் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முன்பணம், புயல், திரும்பிப் போன பணம்

‘தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது’ என்ற தயக்கத்தைத் தீர்த்தது யுபிஐ. நேரில் கை நீட்டிக் கேட்கக் கூச்சப்படுகிற 500 ரூபாயை, ஒரு கியூஆர் படத்தை அனுப்பி வாங்கிவிட முடிகிறது. பல நேரம் அதைப் போடுகிறவர் மகன் என்பதால் கூச்சத்துக்கே இடமில்லை. காலி சீட் அடியோடு குறைந்தது. நாலு மணிக்கு வராமல் போகிறவர் இப்போது முந்தின நாளே சொல்லிவிடுகிறார். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கிறது.

ஆனால் முன்பணம் வாங்குவது எளிது, திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஒரு தொழிலின் தன்மை தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதோடு முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. அடுத்த வாரத்துக்கு ஒரு வண்டி முழுக்கப் பதிவாகியிருந்தது. ஒத்திப்போடலாம், பணம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். உள்ளே கட்டில் மேல் உட்கார்ந்து, போனில் இருந்த சார்ஜை மிச்சம் பிடித்து, ஒவ்வொருவருக்கும் 500 ரூபாயாகத் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண்களில் சிலர், பணம் வந்த ஸ்க்ரீன்ஷாட்டைத் தங்கள் உறவினர் குழுக்களில் போட்டார்கள். ‘வெள்ளத்துலயும் பணத்தத் திருப்பிட்டாங்க.’ அடுத்த தை மாதம் இரண்டு வண்டியும் நிரம்பின. நான் எழுதிய எந்த விளம்பர வாசகமும் செய்யாத வேலை அது.

2025 மார்ச் 29

இந்த ஆய்வில் நான் மிகவும் யோசித்த பகுதி இது. 2025 தொடக்கத்திலிருந்து யூடியூபிலும் ரீல்ஸிலும் ஒரே பேச்சு: மார்ச் 29 சனிப்பெயர்ச்சி, திருநள்ளாறு போயே ஆக வேண்டும். அண்ணிக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது அழைப்பு. இரண்டு வண்டி போதாது, வெளியிலிருந்து வண்டி எடுத்தாலும் நிரப்பிவிடலாம் என்ற நிலைமை.

விஷயம் என்னவென்றால், பெயர்ச்சி நாளைக் கணிக்க இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. மார்ச் 29 என்பது திருக்கணிதப்படி. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி அங்கே அதற்கு முந்தைய சனிப்பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20, அடுத்தது 2026-இல். கோயில் நிர்வாகமே இதை விளக்கி அறிவிப்பு வெளியிட்டது. அறிவிப்பு ஒரு பக்கம் இருக்க, ரீல்ஸ் இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. காணொளியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

என் கருத்து, கேட்கிறவர்களுக்கு வண்டி விடலாம் என்பது. திருநள்ளாறில் எந்த நாள் கும்பிட்டாலும் கும்பிடுவதுதானே. அண்ணி அதற்கு ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. முதலில் குரல் செய்தி: “அன்னிக்கு அங்க பெயர்ச்சி விசேஷம் கிடையாது, கோயில்லயே சொல்லிட்டாங்க. சாதாரண தரிசனம்தான். அது தெரிஞ்சு வர்றவங்க வரலாம்.” கேட்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் விலகிக்கொண்டார்கள். ஒரே வண்டி போயிற்று. அன்று இழந்த வருமானம் சின்னது இல்லை. வண்டித் தவணை ஒரு மாதம் கட்டியிருக்கலாம். ஆனால் 2026 பெயர்ச்சிக்கு எப்போது பதிவு செய்யலாம் என்று அன்றே கேட்டு வைத்தவர்கள், விலகிக்கொண்ட அதே பெண்கள்தான்.

விலை ஒப்பீடு

2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் வார இறுதியில் நவகிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. 750 ரூபாய், இணையத்தில் முன்பதிவு, ஒரே நாளில் ஒன்பது கோயில். நல்ல திட்டம், கும்பகோணத்தில் இருக்கிறவருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. செய்தி வந்த மறுநாளே பெங்களூர் மகன்கள் கேட்டார்கள்: ‘அங்க 750 தானே, நீங்க ஏன் இவ்வளவு?’ முன்பெல்லாம் இப்படி ஒரு விலை இருப்பதே தெரிந்திருக்காது. இப்போது இரண்டு விலையும் ஒரே திரையில் நிற்கிறது.

குறைக்க முடியாது. அதனால் கணக்கைத் திறந்து காட்டினோம். கடலூரிலிருந்து கும்பகோணம் போய்வரும் டீசல் இவ்வளவு, ஒரு இரவு தங்கல் இவ்வளவு, இரண்டு நாள் சாப்பாடு இவ்வளவு என்று பக்கத்தில் போட்டோம். கடைசியில் ஒரு வரி: ‘அம்மா தனியாகக் கும்பகோணம் போய்ச் சேர முடியுமென்றால் அரசுப் பேருந்தே சிக்கனம்.’ அண்ணன் முதலில் முகம் சுளித்தார். சிலர் அந்தப் பேருந்துக்குப் போனார்கள், உண்மை. விலை கேட்டு இழுத்தடிக்கிற அழைப்புகள் அதோடு நின்றன.

கூகுளில் மதிப்புரை எழுதுவதும் மகன்கள்தான். நூறு மதிப்புரை இத்தனை ரூபாய் என்று விற்க ஒரு ஆள் வந்தார், அனுப்பிவிட்டோம்.

இன்னும் தீராதவை

மேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புது டிரைவர் ஒருவர் மேப் காட்டிய குறுக்கு வழியில் போய், கஞ்சனூர் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் மாட்டிக்கொண்டார். பெரிய வண்டி திரும்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்து வந்தார். ஆலங்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதிய நடை சாத்தியிருந்தது. நாலு மணி வரை மரத்தடியில் காத்திருந்தார்கள். கார் போகிற பாதை வேறு, வேன் போகிற பாதை வேறு என்பது மேப்புக்குத் தெரியாது. நடை சாத்துகிற நேரத்தை வைத்துத்தான் இந்தப் பயணத்தின் வரிசையே அமைகிறது என்பதும் தெரியாது.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் நல்ல மாற்றம். திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. தமிழ்நாட்டு வண்டிக்கு எல்லை தாண்ட அனுமதி வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இணையத்திலேயே கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிடுகிறோம்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. திருப்பதி வண்டிக்கு 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை மாதங்களுக்கு முன்பே இணையத்தில் எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் ஆதார் விவரமும் வேண்டும். அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆதாரை முன்னும் பின்னும் படம் எடுத்து, எல்லோரும் இருக்கிற குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். அது அத்தனை பேர் போனிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மூட்டு வலிக்காரருக்கு ஸ்டூல் எடுத்து வைக்கிற அக்கறை இருக்கிற எங்களுக்கு, அவருடைய ஆதாரைக் காக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை. இப்போது அண்ணிக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்கிறோம், டிக்கெட் எடுத்ததும் அவர் அழித்துவிடுகிறார். குழுவில் வந்தால் உடனே நீக்குகிறார். இருந்தும் வாரத்துக்கு ஒன்று வந்துவிடுகிறது. ஒரு குரல் செய்தியில் இதை எப்படிப் புரிய வைப்பது என்று இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.

பதிவுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் அதைப் பார்ப்பார். ஆனால் வண்டி கிளம்பும்போது டிரைவர் கையில் போவது அந்த நீலக்கோட்டு நோட்டுதான். பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் மட்டும் கூடியிருக்கிறது. சீட் எண், ஆள், உடம்புக்கு என்ன என்பதற்கு அடுத்து, அண்ணியின் கையெழுத்தில்: ‘மகன் நம்பர்’.